மாப்பிள்ளை போட்ட லைன்

என் வேலை கோழி குடிக்கும் தண்ணீரைச் சோதிப்பது. பண்ணைக்காரர்கள் காலையிலேயே பாட்டிலோடு ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்கள். முட்டை குறைந்துவிட்டது, எச்சம் தண்ணியாகப் போகிறது, தீவனத்தைக் கண்டால் கோழி ஒதுங்குகிறது என்பார்கள். கொண்டுவந்த தண்ணீரை ஊதா நிறக் கரைசல் இருக்கும் குழாய்களில் விட்டு, சூடு மாறாத பெட்டிக்குள் வைத்து மூடுவேன். இரண்டு நாளில் ஊதா மஞ்சளாகி, உள்ளே கவிழ்த்து வைத்திருக்கும் குட்டிக் குழாயில் காற்று சேர்ந்திருந்தால் அந்தத் தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். போர்வெல்லுக்குப் பக்கத்தில் எருக்குழி வைத்திருக்கிறீர்களா என்று கேட்பேன். ஆமாங்க என்று தலையைச் சொறிவார்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர்களைக்கூட அங்கேயே நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்.

பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். அந்தப் பதினோரு வருடத்தில் என் வீட்டுப் போர்த் தண்ணீரை ஒரு தடவைகூட எடுத்துப்போய்ப் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் யார் யாரையெல்லாம் திட்டப்போகிறேனோ அவர்களோடு நானும் நிற்கிறேன்.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் கண் மஞ்சளாக இருப்பதை நான் பார்க்கவில்லை. அவளுடைய வகுப்பு டீச்சர் பார்த்து எனக்குப் போன் செய்தார். மஞ்சள் காமாலை. அதற்கு முன் அந்த ஒரு வருடத்தில் வீட்டில் மூன்று பேருக்கும் மாற்றி மாற்றி வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தோம். ஒரு தடவை மாம்பழம், ஒரு தடவை கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஒரு தடவை சூடு.

டாக்டர் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். போர்த் தண்ணீர்தான், இனிப்பாக இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் என்றேன். காய்ச்சிக் குடிக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் சமையலறைக் குழாயைத் தீக்காட்டிச் சுத்தம் செய்து, முறைப்படி ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். அத்தனை குழாயும் மஞ்சள். பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுபடி பிடித்துப் பார்த்தேன். மறுபடியும் மஞ்சள். எங்கள் பொறுப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, இது எந்தப் பண்ணை, முதலில் அந்த ஆளை வரச்சொல் என்றார். எங்க ஊடுதான் சார் என்றேன்.

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கக்கூஸும் குளியலறையும். அதை ஒட்டிப் பழைய செப்டிக் டேங்க். டேங்கிலிருந்து எட்டடி தள்ளிப் போர். போர் போட்ட காலத்தில் அந்த இடத்தில்தான் தண்ணீர் இருக்கிறது என்று தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நடந்து காட்டினார். யாரும் டேங்கை நினைக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. தெருவில் பெரிய குழாய் பதித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதற்கு லைன் கொடுத்துக்கொள்வது வீட்டுக்காரர் பாடு. எங்கள் மூன்று தெருவிலும் அந்த வேலையை மொத்தமாக எடுத்துச் செய்தவர் என் கணவரின் தங்கை வீட்டுக்காரர். வீட்டு மாப்பிள்ளை.

எங்கள் பக்கம் வீட்டு மாப்பிள்ளை என்றால் அவர் நின்றால் நாற்காலி போடுவார்கள், உட்கார்ந்தால் காப்பி வரும். நான் அவரை அண்ணா என்று கூப்பிட வேண்டும். அவர் என்னை அம்மிணி என்பார். எங்கள் வீட்டு வேலையை ஒரே நாளில் முடித்தார். பின்னாலிருந்து வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக, கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில், தெரு வரைக்கும் ஐம்பதடி. நான் அன்றைக்கு ஆய்வகத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது சிமெண்ட் ஈரமாக இருந்தது. டேங்கைக் காலி செய்து, மண் போட்டு மூடி, மேலே தளம் போட்டுத் துணி துவைக்கும் கல்லையும் வைத்தாயிற்று என்றார். குழி மூடிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். குழாய் எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு ஆழத்தில் போகிறது, என்ன குழாய், எதையும் நானும் கேட்கவில்லை, என் கணவரும் கேட்கவில்லை. புடவை எடுக்கும்போது முந்தானையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். மண்ணுக்குள் போகிற குழாயை ஒருத்தரும் பார்ப்பதில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடைப்பு. தண்ணீர் ஊற்றினால் குளியலறை ஓட்டையிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். மாப்பிள்ளைக்குச் சொல்வோம். அவர் ஆள் அனுப்பி நீளக் கம்பி விட்டுக் குத்தச் சொல்வார். பொம்பளைகள் தலைமுடியைப் போடுகிறீர்கள் என்று என்னிடம் சொல்வார். இரண்டு தடவை சந்தில் இரண்டடி தோண்டி ஒரு துண்டை மாற்றிவிட்டுப் போனார். ஐந்து வருடம் என் தலைமுடி மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு இருந்தோம்.

தண்ணீரின் முடிவை என் கணவரிடம் சொன்னேன். அவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. மற்றவர் லாரிக்கு அடிக்கும் ஒவ்வொரு வெல்டிங்கையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறவர். அவர் சொன்னது, போரின் இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கும், சமையலறைக்கு ஒரு தண்ணீர் மிஷின் வாங்கி மாட்டிவிடலாம் என்று. பல் தேய்க்கிற தண்ணிக்கு, பாத்திரம் கழுவுற தண்ணிக்கு எதை மாட்டுவீங்க என்று கேட்டேன். லைன் மேல் சந்தேகமாக இருக்கிறது, முழுசாகத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு அவர் சொன்னார்.

"மாப்ளை போட்ட வேலையத் தோண்டிப் பாக்கறதுன்னா, அவர வாசல்ல நிக்க வெச்சுச் சட்டப்பையத் தடவிப் பாத்தாப்பல ஆயிரும். என்ற தங்கச்சி அங்க வாழோணும்."

"உங்க புள்ள இங்க வாழோணுமுங்க" என்றேன்.

மாப்பிள்ளையே வந்து பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன். அவர் வந்தார், நாற்காலி போட்டோம், காப்பி கொடுத்தேன். ஒரு வாளி தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றச் சொன்னார். போகிறதே, அப்புறம் என்ன என்றார். கட்டிலில் படுத்திருந்த என் மகளைப் பார்த்து, பள்ளிக்கூடத்து வாசலில் பானிபூரி தின்றிருப்பாள் என்று சிரித்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டேங்க் மூடியாச்சு, லைன் தெருவுக்குப் போகிறது, உங்கள் போருக்குள் எப்படி வரும், படித்தவர்கள் யோசிக்க மாட்டீர்களா என்று என்னைக் கேட்டார். காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதை உடைக்காமல் கழுவி வைத்ததுதான் அன்றைக்கு நான் காட்டிய பொறுமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். தெருவில் நம் வீட்டுக் குழாய் சேரும் இடத்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள், நான் உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிறேன், எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இதற்கு யார் மனமும் நோகாது. அவர் கடப்பாரையால் மூடியை நெம்பித் திறந்து நின்றார். நான் பின்னால் பத்துக் குடம் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. முன்னால் வந்து பார்த்தேன். அவர் குத்துக்காலிட்டு அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் வாயிலிருந்து சுண்டுவிரல் அளவுக்கு ஒரு நீர் வழிந்து நின்றுவிட்டது.

"பத்துக் கொடமும் ஊத்துனயா?"

"பத்தும் ஊத்தியாச்சுங்க."

அவர் மறுபடி உள்ளே பார்த்தார். மீதித் தண்ணீர் எங்கே போயிற்று என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "வேற ஆளப் பாரு" என்றார்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாகச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கூட வேலைக்கு இரண்டு பேர். வாசலில் நின்று சார் இல்லீங்களா என்றார். சார் பட்டறைக்குப் போயிருக்கிறார், என்னிடம் பேசுங்கள் என்றேன். சரிங்க, சார் வந்த பிறகு வருகிறோம் என்று வண்டியைத் திருப்பினார். ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். இந்த வீட்டில் குழாயைப் பற்றி எனக்குத்தான் தெரியும், சாருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இறங்கினார்.

தரையை உடைக்கும் மிஷின் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. முதலில் கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டினார்கள். முக்கால் அடியிலேயே குழாய் வந்துவிட்டது. வண்டி ஏறுகிற இடத்தில் முக்கால் அடி ஆழம். அடியில் மணல் இல்லை. உடைந்த செங்கல்லும் கருங்கல் சில்லும் போட்டு அதன்மேல் குழாயை வைத்திருந்தார்கள். கல் குத்தி, மேலே கார் அழுத்தி, குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளம்பர் ஒரு துண்டை உடைத்து எடுத்து என்னிடம் கொடுத்தார். மொட்டை மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறக்குவதற்குப் போடுகிற மெல்லிசுக் குழாய். முறுக்கு மாதிரி கையிலேயே நொறுங்கியது. அதையும் பிளவையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நீளமான ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்து மட்டம் பார்த்தார்கள். இந்தத் தொழிலில் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். கழிவு தானாக ஓட வேண்டுமானால் லைன் முழுக்க ஒரே சீரான வாட்டம் இருக்க வேண்டும். எங்கள் லைனில் நடுச்சந்து பள்ளமாகவும் தெருப்பக்கம் மேடாகவும் இருந்தது. பிளம்பர் இரண்டு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இது வாட்டம் ஊட்டுப்பக்கம் இருக்குதுங்க. தெருவுக்குப் போறதுக்குப் போட்ட லைன் இல்லீங்க இது."

ஐந்து வருடம் நான் கம்பி விட்டுக் குத்தவைத்ததும், பாட்டில் பாட்டிலாக ஆசிட் ஊற்றியதும், மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்ததும் எதற்காக என்று அந்தச் சந்தில் நின்று யோசித்தேன். கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நாள் முழுக்க அடைத்தே இருந்தது.

மறுநாள் துவைக்கும் கல்லைப் புரட்டித் தளத்தை உடைத்தார்கள். கீழே செப்டிக் டேங்க் அப்படியே இருந்தது. மண் போட்டு மூடவில்லை. கக்கூஸ் குழாய் ஒரு பக்கம் அதற்குள் விழுந்தது. தெருவுக்குப் போகும் குழாயை டேங்கின் இன்னொரு சுவரை ஓட்டை போட்டுச் சொருகியிருந்தார்கள். அதாவது எல்லாம் முதலில் டேங்குக்குள் விழும், நிரம்பி வழிந்தால் தெருவுக்குப் போகும். ஆனால் அது நிரம்பி வழிந்ததே அபூர்வம்; வழிந்ததிலும் பாதி மேடேற முடியாமல் திரும்பி வந்து அடைத்தது. பழைய காலத்து டேங்க், அடியில் சிமெண்ட் கிடையாது. எட்டடி தள்ளிப் போர். அந்தத் தளத்தின் மேல் நின்றுதான் ஐந்து வருடமாக என் மகளின் பள்ளிச் சீருடையைத் துவைத்தேன்.

யார் சொன்னார்களோ, பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். என் கணவர் அன்று லீவு போட்டிருந்தார். நாற்காலி போட யாருக்கும் கை எழவில்லை. மாப்பிள்ளை குழியை எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவசரம், எல்லா வீட்டிலும் இப்படித்தான் போட்டோம், ஆபீசில் தேதி கொடுத்துவிட்டார்கள் என்றார். அவர் குரலில் வெட்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிறகு, இதற்கு எதற்கு இவ்வளவு உடைப்பு, ஒரு ஆளை டேங்குக்குள் இறக்கி அந்தச் சுவரை அடைத்து, அடியில் சிமெண்ட் பூசிவிட்டால் முடிந்தது, அரை நாள் வேலை என்றார். வேலைக்கு வந்திருந்த இரண்டு பேரில் ஒருவரைக் கைகாட்டி, இவர் இறங்கட்டும் என்றார். அந்த மனிதர் கடப்பாரையைப் பிடித்தபடி பிளம்பரைப் பார்த்தார். பிளம்பர் என்னைப் பார்த்தார்.

யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்றேன். அந்தக் காற்று ஆளைக் கொன்றுவிடும், ஆளை இறக்குவது சட்டப்படியும் குற்றம் என்றேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"மூக்குக்கு ஒரு துண்டக் கட்டீட்டு எறங்கறதுதானுங்க அம்மிணி. காலங்காலமா எறங்கறவங்க தான."

"அப்ப நீங்க எறங்குங்கண்ணா" என்றேன்.

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். மிஷின் நின்றிருந்ததால் சந்து முழுக்கக் கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையில் துணியோடு அப்படியே நின்றாள். மாப்பிள்ளை என் கணவரைப் பார்த்தார், மச்சான் ஒரு வார்த்தை சொல்வார் என்று. என் கணவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்போனை எடுத்து, டேங்கை உறிஞ்சும் லாரிக்குப் போன் செய்தார். மாப்பிள்ளை புல்லட்டை எடுத்துக்கொண்டு போனார்.

லாரி வந்து டேங்கை உறிஞ்சியது. இரண்டு தடவை சுண்ணாம்பு போட்டு, மண்ணும் ஜல்லியும் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, உண்மையாகவே மூடினோம். புது லைனை டேங்குப் பக்கமும் போர்ப் பக்கமும் போகாமல் எதிர்ப்புறச் சுவரோரமாகக் கொண்டுபோனோம். கழிவுக்கென்றே வருகிற தடிமனான குழாய். அடியில் அரை அடி மணல். கார் ஏறுகிற இடத்தில் இரண்டரை அடி ஆழம், மேலே கான்கிரீட். திரும்புகிற இடத்திலெல்லாம் திறந்து பார்க்கத் தொட்டி.

பிளம்பரோடும் எனக்குச் சண்டை வந்தது. ஒரு திருப்பத்தில் தொட்டி கட்டாமல், முழங்கை மாதிரி சட்டென்று மடிகிற எல்போ இணைப்பை வைத்து ஒட்டிவிட்டார். இதிலேதான் அடைக்கும், வெட்டி எடுங்கள் என்றேன். இத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார். போன தடவை போட்டவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்றேன். அவர் பிளேடைத் தூக்கி எறிந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து வந்து அதை வெட்டி எடுத்துவிட்டுத் தொட்டி கட்டினார். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் பக்கத்தில் நிற்காவிட்டால் நல்ல வேலைக்காரரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பார்.

மூடுவதற்கு முன்னால் தெருமுனையை அடைத்து, லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் அப்படியே விட்டோம். மட்டம் இறங்கவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் டேப்பை வைத்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன். சுவரிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன். அப்புறம்தான் மண்ணைத் தள்ளவிட்டேன். அந்த ஒரு நாளும் வாசலில் பலகை போட்டுத் தாண்டித்தான் எல்லாரும் போனோம். சீக்கிரம் மூடுங்கள், பார்க்கவே சகிக்கவில்லை என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். ஐந்து வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் போட்டோம் என்று மாப்பிள்ளை சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தெருப் பெண்களிடம் சொன்னேன். உங்கள் தண்ணீரைக் கொடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஐந்து வீடு கொடுத்தது. மூன்று வீட்டுத் தண்ணீர் மஞ்சளானது. நன்றி சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த மூன்றில் ஒருவரான முன் வீட்டுக்காரர் மேல்மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் வாசலுக்கே வந்து, குடியிருக்கிறவங்க காதுல விழுகற மாதிரி பேசாதீங்க, ஊட்டுக்கு ஆள் வராமப் பண்ணீராதீங்க என்றார். அவர் வீட்டில் ஒரு கைக்குழந்தை குடியிருந்தது. அதையும் சொன்னேன். திரும்பிப் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனு எழுதிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வீட்டு லைன் வீட்டுக்காரர் பொறுப்பு என்றார் அங்கிருந்தவர். சரி, ஆனால் அதைப் பார்வையிட்டுச் சரி என்று யாராவது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமே என்றேன். கோப்பை எடுத்தார். எங்கள் தெருவின் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே பேனாவில் கையெழுத்து இருந்தது. எல்லாக் குழியும் மூடிய பிறகு போட்ட கையெழுத்து. இதை எப்படிப் பார்வையிட்டார்கள் என்று கேட்டேன். அவர் கோப்பை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். மனுவைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். இன்றுவரை பதில் இல்லை.

பரமத்தி வேலூரில் இருக்கும் என் மாமியார் போன் செய்து, குடும்பத்து மானத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டாய் என்றார். பேத்திக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நாத்தனார் பையனுக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், அதனால் என் கணவரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அவருக்கு மட்டும் போன் வந்தது. போகமாட்டேன் என்றார். போங்கள், அந்தக் குழந்தை என்ன செய்தது என்று நானே சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினேன். போய், மடியில் வைத்துக் காது குத்திவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டார். அவருக்கு நான் தோசை சுட்டுப் போட்டேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து நாத்தனார் ஆய்வகத்துக்கு வந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். வயர்க்கூடைக்குள் துண்டு சுற்றி ஒரு பாட்டில். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்பார்கள்.

"நங்கை, இது எங்க ஊட்டுத் தண்ணி. அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். எங்கூட்டுலயும் ரெண்டு பசங்க இருக்கறாங்க."

உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவள் வீட்டுக்காரர் செய்த வேலை அவள் தலையிலும் விழுந்திருக்கிறது, பாவம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் குழாய்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஊதா. ஒன்றில்கூட நிறம் மாறவில்லை. ஒரு குமிழிக் காற்றும் இல்லை.

போன் செய்து சொன்னேன். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, பயப்படாதே என்றேன். அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. நிம்மதியில் அவளாகவே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியுமுங்க நங்கை. உங்க தெருவுல வேல ஆரம்பிக்கறதுக்கு முந்தின மாசம், எங்கூட்டு லைனுக்கு அவரு நாலு நாளுப் பக்கத்துலயே நின்னாரு. மணலக்கூட நாந்தான் சலிச்சுக் குடுத்தேன். குழாயெல்லாம் அவ்வளவு தடிமனு. தண்ணி நிரப்பி வெச்சு, ரெண்டு நாளு யாரையும் மூட உடலை."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. நங்கை, நான் போன வெச்சர்றேனுங்க என்றாள்.

அதுவரைக்கும் அந்த மனிதரை ஒரு வேலை தெரியாதவர் என்று நினைத்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வாட்டம் தெரியாது, மணல் தெரியாது, குழாய் தெரியாது என்று. எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு வேலைக்கு முந்தின மாதமே தன் வீட்டுக்கு அத்தனையும் சரியாகச் செய்திருக்கிறார். செய்துவிட்டு எங்கள் சந்தில் கல்லைக் கொட்டி மெல்லிசுக் குழாயை வைத்து மூடியிருக்கிறார். என் மகளைப் பார்த்துப் பானிபூரி என்று சிரித்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் என்னால் வேலை செய்ய முடியவில்லை. ஒரு பண்ணையின் குழாய்களை இடம் மாற்றி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கொட்டி மறுபடி செய்தேன்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றின சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். "தங்கச்சிகிட்ட நான் ஒன்னும் கேக்கப்போறதில்ல" என்றார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "அவன் இனி இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது" என்றார். மாப்பிள்ளையை அவர் அவன் என்று சொன்னதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

எங்கள் போருக்குக் குளோரின் போட்டு, தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே விட்டோம். நாலு மாதம் ஆயிற்று, ஊதா நிறம் மாறாமல் நிற்க. அதுவரை குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்துதான். மகள் தேறிவிட்டாள். பரீட்சை ஒன்று போயிற்று. இப்போதும் எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டால் பயப்படுகிறாள். தெருவில், தண்ணீர் கொடுக்காதவர்களும் சேர்த்து, நான்கு வீட்டுக்காரர்கள் தோண்டி மாற்றிவிட்டார்கள். முன் வீட்டுக்காரர் மாற்றவில்லை. கைக்குழந்தையோடு இருந்தவர்கள் மட்டும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

போன மாதம் பக்கத்து ஏரியாவுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருக்கிறது. வீட்டு லைன் வேலையை மறுபடி மாப்பிள்ளையேதான் எடுத்திருக்கிறார். கேள்விப்பட்ட அன்றே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் வீட்டில் குழி வெட்டி அதே மெல்லிசுக் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரப் பெண்மணி முன்பின் தெரியாதவர். என் செல்போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்தக் குழாய் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய டேங்கை மூடுவதைக் கண்ணால் பாருங்கள். தண்ணீர் நிரப்பிப் பார்க்காமல் ஒரு கூடை மண் தள்ள விடாதீர்கள், இன்றைக்கு மூடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்றேன். அவர் படங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நேராகக் குழிக்குப் போய், நிறுத்துங்கள் என்றார்.

மாப்பிள்ளை புல்லட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். அண்ணா என்று நான் கூப்பிடவில்லை. அவரும் அம்மிணி என்று சொல்லவில்லை. ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓரமாக நின்றார்கள். அவர் யாருக்கோ போன் செய்து தடிமனான குழாய் கொண்டுவரச் சொல்வது எனக்குக் கேட்டது. நான் அங்கேயே ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தேன். குழாய் வந்து இறங்குகிற வரைக்கும் நின்றேன்.